நாகதாளிப்பழ ஜாம் இறுகேல்லை, நிறமும் மண்ணிறமாப் போட்டுது: உதவி தேவை

கரைக்காற்று (மன்னார்)
வணக்கம். கடற்கரைப் பக்கம் பிடுங்கின நாகதாளிப்பழம் (சப்பாத்திக்கள்ளிப் பழம்), நல்லாப் பழுத்துக் கடும் ஊதா நிறம். தோலோட வெட்டி கிரைண்டரில அடிச்சு, துணியில வடிச்சதில அரை லீற்றர் சாறு. அதுக்கு அரைக் கிலோ சீனி. இரும்புத் தாச்சியில, மெல்லிய நெருப்பில ஒரு மணித்தியாலத்துக்கு மேல காய்ச்சினது.

இறுகவே இல்லை. கரண்டியால தூக்கினா நூல் நூலா இழுபடுது, போத்தலுக்குள்ள பாணி மாதிரி ஓடுது. அடுப்பில ஏத்தேக்க பீற்றூட் நிறம், இறக்கேக்க மண்ணிறம். சாப்பிட்டா நாக்கிலயும் தொண்டையிலயும் குத்துது. இன்னும் சீனி போட்டுக் காய்ச்சினாச் சரிவருமோ? சைனா கிராஸ் (கடற்பாசியில எடுக்கிற அகர்) போடச் சொல்லியும் சொல்லுகினம். ஜாமை இறுக்கிற பெக்ரின் தூள் இஞ்ச கடையளில இல்லை.

அடுப்படி
கடைசியாச் சொன்னதில இருந்து தொடங்குறன். அதுதான் முக்கியம். குத்துறது முள்ளில்லை, சுணை. பழத்தில புள்ளி புள்ளியாத் தெரியிற இடமெல்லாம் மயிரை விட மெல்லிசாக் கட்டுக்கட்டா இருக்கும். ஒவ்வொண்டிலயும் பின்பக்கம் பாத்த கொக்கி, உள்ள போகும், வெளியில வராது. தோலோட கிரைண்டரில போட்டா அது பொடியா வெட்டுப்பட்டு ஒற்றைத் துணிக்குள்ளால போயிடும். எவ்வளவு காய்ச்சினாலும் கரையாது. அதால இந்தப் போத்தலை மீட்கப் பாக்காதேங்கோ, ஊத்தி விடுங்கோ.

அடுத்த முறை, பழத்தைக் கையால தொடாமல் இடுக்கியால பிடிச்சுத் திருகி எடுங்கோ. நெருப்புச் சுவாலையில ஒவ்வொரு பழமாத் திருப்பித் திருப்பிப் பிடிச்சா சுணை பொசுங்கிற சத்தம் கேக்கும். அரை நிமிசம் காணும், பழம் அவியக் கூடாது. பிறகு வாளித் தண்ணிக்குள்ள போட்டு தும்புக்கட்டையால நல்லா அலசி, இரண்டு தரம் தண்ணி மாத்துங்கோ. அந்தத் தண்ணியை வெறுங்காலோட நடக்கிற இடத்தில ஊத்தாதேங்கோ. இடுக்கியால பிடிச்சபடி பழத்தைப் பாதியாப் பிளந்து, சதையைக் கரண்டியால தோண்டுங்கோ. தோல் சட்டிக்குள்ள போகவே கூடாது.

கிரைண்டரும் வேண்டாம். விதை கல்லு மாதிரி, உடைஞ்சா ஜாம் பல்லில நெருநெருக்கும். சதைக்கு அரைக் கோப்பை தண்ணி விட்டு ஐஞ்சு நிமிசம் சூடாக்கி, மத்தால மசிச்சு, முதல்ல அரிதட்டில வடியுங்கோ. பிறகு நாலா மடிச்ச பருத்தித் துணியில ஊத்தித் தானா வடிய விடுங்கோ. பிழிஞ்சா சுணையும் சேர்ந்து வரும். வடிச்ச சாறை இரவு முழுக்க பிறிட்ஜில அசையாமல் வைச்சு, மேல தெளிஞ்சதை மட்டும் எடுத்து, அடியில நிக்கிற விரலளவை விட்டு விடுங்கோ. கண்ணாடித் துண்டில ஒரு சொட்டு விட்டு வெயிலுக்கு நேர பிடிச்சா மிச்சச் சுணை மினுங்கும். மினுங்கினா திரும்ப வடிக்க வேண்டியதுதான்.

கையில ஏறினா உரஞ்ச வேண்டாம். பேப்பர் ஒட்டுற வெள்ளைப் பசையைத் தடவிக் காய விட்டு உரிச்சா கன சுணை அதோட வரும். கண்ணில பட்டா கசக்காமல் ஆசுப்பத்திரிக்குப் போங்கோ.

பழச்சாறு
இறுகாததற்குக் காரணம் சீனி குறைவு அல்ல. ஜாம் இறுக மூன்று விடயம் ஒன்றாக வர வேண்டும்: பெக்ரின், போதிய புளிப்பு (பி.எச். 3.0 முதல் 3.3 வரை), இறக்கும்போது கரைந்திருக்கும் இனிப்பு 65 வீதமளவு. நாகதாளியில் பெக்ரின் சொற்பம். அதில் நிறைய இருப்பது வழுவழுப்பான பசை. அதுதான் உங்களுக்கு நூல் இழுபட்டது. அந்தப் பசை சாற்றைத் தடிக்க வைக்கும், கட்டிப்பட வைக்காது. ஆகவே இந்தப் பழத்துக்குக் கம்பிப் பதம் பார்ப்பது ஏமாற்று வேலை.

நிறம் போனதும் இதோடு சேர்ந்த கதைதான். இந்த ஊதாவும் பீற்றூட்டின் சிவப்பும் ஒரே குடும்பம், பீற்றலைன் என்று பெயர். நீண்ட சூட்டில் அது சிதைந்து மண்ணிறமாகும். இரும்பும் செம்பும் அந்தச் சிதைவை விரைவாக்கும். இறுகவில்லையே என்று நீங்கள் கூடக் காய்ச்சக் காய்ச்ச நிறம்தான் போனது, இறுக்கம் வரவில்லை. பெக்ரினை வெளியிலிருந்து கொண்டுவந்து, அடுப்பில் நிற்கும் நேரத்தைக் குறைத்தால் இரண்டும் சரிவரும்.

சைனா கிராஸ் போட்டால் ஆறியதும் இறுகும். ஆனால் சீனி போதாவிட்டாலும் இறுகிவிடும் என்பதுதான் வில்லங்கம். பார்வைக்கு ஜாம், உள்ளே தண்ணீர். நம்முடைய வெக்கைக்கு வெளியில் வைத்தால் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். பிறிட்ஜில் வைத்து உடனே சாப்பிடுவதென்றால் ஆட்சேபனை இல்லை.

மாங்குளத்தான்
பெக்ரினுக்கு ஏன் அலைவான்? விளாங்காய் இருக்கே. கடை ஜாமே விளாம்பழத்தில செய்யிறவங்கள்.

பழச்சாறு
அண்ணை, விளாவில் பெக்ரின் தாராளம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் கால் பங்கு சேர்த்தாலே மணம் முழுக்க விளாம்பழம், நிறமும் மங்கும். பிறகு நாகதாளிக்காக முள்ளுக் குத்து வாங்கியது எதற்கு? கொய்யாதான் நல்லது. காயாக, அல்லது ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் தட்டியதாக எடுங்கள். நன்றாகப் பழுத்ததில் பெக்ரின் குறைந்துவிடும். சிவப்புக் கொய்யா, வெள்ளைக் கொய்யா எதுவும் ஆகும்.

கரைக்காற்று
கொய்யாக்காய் வீட்டிலயே இருக்கு. அளவு சொல்லுவியளோ? சூடு பாக்கிற வெப்பமானி இல்லை, சமையல் தராசு இருக்கு.

பழச்சாறு
தராசு இருந்தால் வெப்பமானி தேவையே இல்லை.

முதலில் கொய்யாச் சாறு. கொய்யாக்காய் 500 கிராம், விதையோடு மெல்லிய துண்டு. தண்ணீர் 750 மி.லீ. விட்டு, மூடி, மெல்லிய நெருப்பில் 40 நிமிடம். கிண்டிக் களியாக்காமல் துணியில் தானாக வடிய விடுங்கள். 250 மி.லீ. போதும், கூட வந்தால் திரும்ப வற்றவைத்து அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

தெளிந்த நாகதாளிச் சாறு 500 மி.லீ. வேண்டும். அதற்கு ஒன்றரைக் கிலோ பழம் கைவசம் இருக்கட்டும். அதில் 100 மி.லீ. தனியே எடுத்து வையுங்கள். சீனி 600 கிராம். தேசிக்காய்ச் சாறு 3 மேசைக்கரண்டி.

வாய் அகன்ற எவர்சில்வர் சட்டியை வெறுமையாக நிறுத்து எழுதி வையுங்கள். 400 மி.லீ. நாகதாளிச் சாறு, கொய்யாச் சாறு, தேசிக்காய்ச் சாறு மூன்றையும் கொதிக்க வைத்து, பிறகு சீனியைப் போட்டுக் கரையுங்கள். கரைந்ததும் நெருப்பைக் கூட்டுங்கள். இங்கே மெல்லிய நெருப்புக் கூடாது. பொங்கி எழும், ஆகவே சட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சட்டி நிறை கழித்து 900 கிராமுக்கு வந்ததும், எடுத்து வைத்த 100 மி.லீ. சாற்றை விட்டு இரண்டு நிமிடம் மட்டும் கொதிக்க விட்டு இறக்குங்கள். மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும். சீனியும் பழத்தின் இனிப்பும் சேர்ந்து 65 வீதத்தைத் தொடுவது அந்த இடத்தில்தான். கடைசியில் விட்ட சாறு நிறத்தைக் காப்பாற்றும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு, கடல் மட்டத்தில் 105 பாகை செல்சியஸ். வன்னி முழுக்கத் தாழ்ந்த நிலம்தானே, உயரத்துக்கென்று கழிக்க ஒன்றுமில்லை.

நம்பிக்கைக்கு, பிறிட்ஜில் குளிர்ந்த தட்டில் ஒரு கரண்டி விட்டு இரண்டு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் சரி. சோதிக்கும் நேரம் சட்டி நெருப்பில் நிற்கக் கூடாது.

இரட்டிப்பு அளவு ஒரே சட்டியில் செய்ய வேண்டாம். வற்ற நேரமெடுக்கும், திரும்ப மண்ணிறம்தான்.

அடுப்படி
ஒரு சேர்க்கை. பெக்ரின் இருக்கோ எண்டு பாக்க ஒரு தேக்கரண்டி சாறுக்கு ஒரு மேசைக்கரண்டி ஸ்பிரிட் விட்டுக் கட்டி வருதோ எண்டு பாக்கிற முறை ஒண்டு இருக்கு. அதைக் கொய்யாச் சாறில மட்டும் செய்யுங்கோ. நாகதாளிச் சாறில இருக்கிற வழுவழுப்பும் ஸ்பிரிட்டில திரளும், பெக்ரின் எண்டு நம்பி ஏமாறுவியள். சோதிச்சதை வாயில வைக்காமல் ஊத்திவிட வேணும்.

போத்தலும் மூடியும் 10 நிமிசம் கொதிதண்ணியில கிடக்க வேணும். ஜாமைச் சூட்டோட, வாய்க்கு ஒரு விரலுக்குக் குறைவா விட்டு நிரப்பி உடனே மூடுங்கோ. வெளிச்சத்திலயும் நிறம் மங்கும், அலுமாரிக்குள்ள வையுங்கோ. கூடச் சாப்பிட்டா சலம் சிவப்பாப் போகலாம், பயப்பட ஒண்டுமில்லை.

மாங்குளத்தான்
பிடுங்கப் போறாக்களுக்கு. மடலில வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தா அது பூஞ்சணமில்லை, பூச்சி. நசிச்சா ரத்தச் சிவப்பு வரும். நாகதாளியை அழிக்கவெண்டே கொண்டுவந்த இனம், 1926ல இஞ்சயிருந்து இந்தியாவுக்கும் போனது. அந்தப் பற்றையில பிடுங்காதேங்கோ, பழம் சூம்பி இருக்கும். பற்றைக்குள்ள கால் வைக்க முதல் தடியால தட்டுங்கோ, புடையன் பாம்பு படுக்கிற இடம். மிதிவெடிப் பலகை நிக்கிற காணிப் பக்கம் பழம் எவ்வளவு தொங்கினாலும் பாக்க வேண்டாம்.

கரைக்காற்று
நன்றி எல்லாருக்கும். இந்த முறை சுணை இல்லை, தட்டில சுருக்கமும் விழுந்தது, நிறம் நாவற்பழச் சாயம். ஆனா போத்தலுக்கு மேல வெளிறின றோஸ் நிறத்தில ஒரு படை நிக்குது. பழுதாப் போகுதோ?

அடுப்படி
இல்லை, அது நுரை. இறக்கி ஐஞ்சு நிமிசம் விட்டா ஆடையாக் கட்டும், அகப்பையால அள்ளிப்போட்டு நிரப்புங்கோ. சூடு குறைய முதல் நிரப்பி முடிக்க வேணும், அதால ஐஞ்சுக்கு மேல விடாதேங்கோ. அள்ளின நுரையை எறியாதேங்கோ, பாணுக்கு நல்லம்.