பாட்டில் கண்ணாடி பெண்டன்ட்: மேலே பால் ஆடை மாதிரி வெள்ளை, துளை போட்டால் விரிசல்

பெரம்பூர்_சில்லு:
வணக்கம். பழைய பாட்டில் கண்ணாடியை உலையில உருக்கி ஒட்டி பெண்டன்ட் செய்யறேன். ரெண்டு கோளாறு. மேல்பக்கம் பால் ஆடை படிஞ்ச மாதிரி வெள்ளையா இருக்கு, தடவினா சொரசொரங்குது. நனைச்சா மறையுது, காய்ஞ்சா திரும்ப வருது. இன்னொண்ணு, 10 துண்டுல 4 துளை போடும்போதே பிளக்குது. ஒண்ணு டப்பாவுல வெச்ச மூணாம் நாள் தானாவே விட்டுப்போச்சு.

25க்கு 40 மிமீ துண்டு, 3 மிமீ கனத்துல ரெண்டு அடுக்கு. கீழ பச்சை பாட்டில், மேல பழுப்பு பாட்டில். பிஐடி கன்ட்ரோலர் (சூட்டைத் தானா கட்டுப்படுத்தற கருவி) வெச்ச சின்ன உலை, கே டைப் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கற கம்பி). மணிக்கு 150 டிகிரி வீதம் 810 வரை ஏத்தி, 30 நிமிஷம் நிறுத்தி, ஆஃப் பண்ணிடுவேன். பாட்டிலை போர் தண்ணியில கழுவி வெயில்ல காயவெக்கறேன். எங்க தப்பு?

உலைக்களம்:
இரண்டும் வேறு வேறு கோளாறு. ஒரே மருந்தால் தீராது.

வெள்ளை என்பது கண்ணாடியின் மேல்தோல் படிகமாகிப்போவது. பாட்டில் கண்ணாடியில் சுண்ணாம்புச் சத்து கணிசமாக இருப்பதால், உருக்கி ஒட்டுவதற்கென்றே விற்கும் கலைக்கண்ணாடியைவிட இது சீக்கிரம் படிகமாகும். சுமார் 650 முதல் 780 டிகிரி வரை ஆபத்தான இடம். மணிக்கு 150 என்றால் அந்த இடத்தைத் தாண்டவே 50 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மேலே 30 நிமிடம் நிறுத்துவதும் அதிகம்.

விரிசலுக்குக் காரணம், நீங்கள் சூட்டை மெதுவாக இறக்கி ஆற்றவே இல்லை. ஆஃப் செய்ததும் சின்ன உலை மளமளவென்று குளிரும். வெளிப்பக்கம் இறுகியபின் உள்பக்கம் சுருங்கும், இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். டிரில் பிட் பட்டதும் அது வெளியே வருகிறது. உடைந்த ஓரத்தைப் பாருங்கள்: கூர்மையாக இருந்தால் இறங்கும்போதோ அதற்குப் பிறகோ உடைந்தது, உருண்டு மழுங்கியிருந்தால் ஏறும்போதே உடைந்தது.

உங்கள் அளவுக்கு இப்படி வையுங்கள்:
மணிக்கு 250 வீதம் 600 வரை, 15 நிமிடம்.
அங்கிருந்து முழு வேகத்தில் 800, 10 நிமிடம் மட்டும்.
பிறகு தானாக 550 வரை இறங்கட்டும். அதற்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆனால் மெயின் சுவிட்சை அணைத்து, கையுறை, பாதுகாப்புக் கண் கண்ணாடி போட்டுக்கொண்டு கதவைச் சில நொடி லேசாகத் திறந்து மூடுங்கள்.
550ல் 45 நிமிடம். மணிக்கு 60 வீதம் 430 வரை. பிறகு ஆஃப். உள்ளே 50 டிகிரிக்குக் கீழ் வரும்வரை கதவைத் தொடாதீர்கள்.

பச்சையும் பழுப்பும் கலப்பது தனிச் சிக்கல். வேறு வேறு ஆலையில் வார்த்தவை ஒரே அளவு சுருங்காது. சரியாக ஆற்றினாலும் விரிசல் விடலாம். ஒரு பெண்டன்டுக்கு ஒரே பாட்டிலை வெட்டுங்கள். கலந்தே தீரவேண்டும் என்றால், சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் செத்த எல்சிடி திரை வாங்கி அதன் போலராய்டு தாளை (ஒளியை வடிகட்டும் தாள்) இரண்டாக வெட்டுங்கள். இரண்டும் சேர்ந்து இருட்டாகும்படி திருப்பி, நடுவே துண்டை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இரு நிறம் சேரும் கோட்டை ஒட்டி வெள்ளை ஒளி கசிந்தால் ஜோடி பொருந்தவில்லை. ஒரே நிறத் துண்டில் மூலைகளில் கசிந்தால் ஆற்றியது போதவில்லை.

மணிக்கோவை:
மேலே சொன்னது அத்தனையும் சரி. ரெண்டு விஷயம் சேர்த்துக்கோங்க.

போர் தண்ணி கூடவே கூடாது. நம்ம ஊர்ல அது காய்ஞ்சா உப்புப் பொட்டு விடும், ஒவ்வொரு பொட்டும் படிகம் பிடிக்க விதை. லேபிள் பசையை சலவை சோடா போட்ட வெந்நீர்ல ஊறவெச்சு எடுங்க. கடைசி அலசல் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்ல. காயவிடாம, பஞ்சு உதிராத துணியில துடைச்சிடுங்க. அதுக்கப்புறம் விரல் ரேகைகூட படக்கூடாது.

அடுத்தது வோல்டேஜ். 230 இருக்கவேண்டியது 200க்கு இறங்கினா காயிலுக்குக் கிடைக்கற சக்தி முக்கால் பங்குதான். முழு வேகம்னு போட்டாலும் உலை 700ல திணறும், வெள்ளை பூக்கும். மே மாசத்துல ராத்திரி ஏசி எல்லாம் ஓடற நேரத்தைத் தவிர்த்து, விடியற்காலையில சூடேத்துங்க. ஆத்தும்போது கரன்ட் போனா திறக்காதீங்க. வந்ததும் மணிக்கு 100 வீதம் திரும்ப 550க்கு ஏத்தி, முதல்ல இருந்து ஆத்தணும்.

துளைக்கு 2 மிமீ வைரப்பூச்சு பிட், விளிம்பிலிருந்து 5 மிமீ தள்ளி. ட்ரேயில கீழ ஒரு வீண் கண்ணாடி, அதுமேல பெண்டன்ட், ரெண்டும் முழுகத் தண்ணி. பிட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்ததும் நிமிர்த்துங்க. அழுத்தாதீங்க, அடிக்கடி தூக்கி தண்ணி உள்ள போகவிடுங்க. பாதியில திருப்பி மறுபக்கத்திலிருந்து போட்டா சில்லு பெயராது. டிரில் பேட்டரியில ஓடறதா இருக்கணும், கரன்ட் வயரைத் தண்ணிகிட்ட கொண்டுபோகாதீங்க. தேய்க்கறதும் ஈரமாத்தான், என்95 மாஸ்க்கோட.

பெரம்பூர்_சில்லு:
ரொம்ப நன்றிங்க. ஒரே பச்சை பாட்டில், டிஸ்டில்டு வாட்டர், புது அட்டவணை. 6ல 6 பளபளன்னு வந்தது, துளையும் பிளக்கலை. ஏற்கெனவே வெள்ளை பூத்த 14 துண்டைக் காப்பாத்த முடியுமா?

உலைக்களம்:
இரு நிறம் கலந்தவற்றை முதலில் போலராய்டில் பாருங்கள். சேரும் கோட்டில் ஒளி கசிந்தால் விட்டுவிடுங்கள், கழுத்தில் போடும் பொருள் அது. மற்றதை 220, பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) வெள்ளைத் தோல் முழுக்கப் போகும்வரை தேயுங்கள். மேலே தேய்க்காமல் சூடேற்றினால் அதே இடத்தில் இன்னும் தடிமனாகப் பூக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரத்தை (போராக்ஸ்) பொடித்து, 250 மில்லி சூடான டிஸ்டில்டு வாட்டரில் ஒரு டீஸ்பூன் கரைத்து, ஆறியதும் மெல்லிய பிரஷ்ஷால் மேல்பக்கம் மட்டும் ஒரு பூச்சு. கீழே வழிந்தால் துண்டு உலைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்தபின் அதே அட்டவணை, உச்சம் மட்டும் 790. துளை போட்ட துண்டு இருந்தால் மணிக்கு 150 வீதம் 600 வரை ஏற்றுங்கள், அதற்குமேல் வழக்கம்போல் முழு வேகம்.