நம்ம ஹால்டில் டிக்கெட் எடுங்கள்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தேன். ஸ்டேஷனுக்கு இரண்டு பெஞ்சு வாங்கிப் போடலாமா என்று சிங்கப்பூர்த் தம்பி கேட்டிருந்தார். தாராளமாகப் போடலாம். அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

நம்முடையது ஹால்ட், அதாவது சின்ன ரயில் நிறுத்தம். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. டிக்கெட் கொடுப்பவரும் ரயில்வே ஊழியர் இல்லை, கமிஷன் ஏஜென்ட். பெரிய ஸ்டேஷனில் கைக்காசைக் கட்டி டிக்கெட் வாங்கி வந்து விற்கிறார். விற்றால்தான் கமிஷன், மாதச் சம்பளம் கிடையாது. நான் போன அன்று காலை வண்டிக்குப் பதினைந்து பேராவது நின்றோம். கவுன்டருக்கு வந்தது நாலே பேர். மற்றவர்கள் கைபேசியிலேயே எடுத்துவிட்டார்கள். தப்பே இல்லை, ஆனால் அவர் கைக்கு அதில் ஒரு பைசா வராது. கட்டுப்படியாகாமல் அவர் விட்டுவிட்டால் அடுத்த ஆள் வருவாரா? அதுதான் என் பயம்.

இந்த வண்டிக்காக நாம் எவ்வளவு காத்திருந்தோம்! 2012-இல் பழைய மீட்டர்கேஜ் (குறுகிய பாதை) வண்டி நின்றது. திருவாரூர் - காரைக்குடிப் பாதை முழுவதும் அகலப்பாதை வண்டி ஓடத் தொடங்கியது 2019 ஜூன் 1-ஆம் தேதி. அப்போது கேட்டுகளில் ஆள் இல்லை. வண்டியிலேயே கேட்கீப்பர்கள் வருவார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கி ஓடிப்போய் கேட்டைச் சாத்துவார். வண்டி தாண்டி மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்படியும் எங்கள் சித்தி அதில்தான் பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். பஸ் படியில் அவரால் கால் வைக்க முடியாது.

2023 ஏப்ரலிலிருந்து தாம்பரம் - செங்கோட்டை எக்ஸ்பிரஸும் நம்ம பாதையில் ஓடுகிறது. ஹால்டில் நிற்காது, சரி. திருத்துறைப்பூண்டியிலோ பட்டுக்கோட்டையிலோ இறங்கிப் பாசஞ்சரைப் பிடிக்கலாம்.

கோடை விடுமுறைக்கு வருகிறவர்களிடம் கேட்பது இதுதான். ஊரிலிருந்து எங்கே கிளம்பினாலும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கவுன்டருக்குப் போய் டிக்கெட் எடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் போனில் சொல்லி வையுங்கள். சில்லறை கொண்டு போங்கள், ஐந்நூறு ரூபாயை நீட்டினால் பாவம், அவரிடம் மீதி இருக்காது.