கப் டிஸ்பென்சருக்கு ‘வழங்கி’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பொதியிடல் கையேடு ஒன்றுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. காகிதக் கப், டிஷ்யூ, கை துடைக்கும் தாள், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்கும் பெட்டிகள் எல்லாம் ஒரே அத்தியாயத்தில் வருகின்றன. இதுவரை எழுதி வைத்திருப்பவை: கப் – குவளை, கோட்டிங் – பூச்சு, கர்லிங் – விளிம்புச் சுருட்டல், டிஸ்பென்சர் – வழங்கி. கடைசிச் சொல்லில்தான் தயக்கம். சோப்புக் குழம்புக்கும் வழங்கி, டிஷ்யூவுக்கும் வழங்கி, காபி மெஷினுக்குள் கப்பை விடும் பாகத்துக்கும் வழங்கி என்றால், பாகப் பட்டியல் எழுதும்போது குழப்பம் வரும். தொழிலில் இருப்பவர்கள் கருத்துச் சொன்னால் நல்லது.

– செ., திருச்சி

—

வணக்கம் ஐயா.

வழங்கி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கணினித் தமிழில் சர்வருக்கு அந்தச் சொல்லைத்தான் பல வருடமாகப் புழங்குகிறோம். ‘வழங்கி பழுது’ என்று ஒட்டினால் படிக்கிறவர் இணையம் போய்விட்டது என்று நினைப்பார். எங்கள் ஊரில் கப்பைக் கடதாசிக் கோப்பை என்போம். பேணி என்ற சொல்லும் உண்டு, ஆனால் அது தகரம், பித்தளைக்குப் பழகிய சொல், கடதாசிக்கு ஒட்டாது. குவளையா கோப்பையா என்று சண்டை போட்டு நேரத்தைக் கழிக்காமல் இரண்டையும் ஏற்றுக்கொண்டு அடுத்ததைப் பார்ப்போம்.

– ம., யாழ்ப்பாணம்

—

செ. ஐயாவுக்கு,

பெட்டிக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால், அதற்குள் என்ன நடக்கிறது என்பதற்குப் பெயர் வேண்டும். கப் டிஸ்பென்சரின் முழு வேலையும் ஒரே வரிதான்: அடுக்கில் அடியில் இருக்கும் ஒன்றை மட்டும் விட வேண்டும், மேலே இருப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை ஆங்கிலத்தில் ‘டீநெஸ்டிங்’ என்பார்கள். மெஷின் ஓட்டுகிறவர்கள் “கப் பிரியலை”, “ரெண்டு ரெண்டா விழுது” என்றுதான் சொல்கிறார்கள். பிரிதல் ஏற்கெனவே வாயில் இருக்கும் சொல். ஆகவே இந்தச் செயலுக்கு ஒற்றைப்பிரிப்பு.

பிரியுமா பிரியாதா என்பது டிஸ்பென்சரில் முடிவாவதில்லை, கப் செய்யும் மெஷினிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் கப்பின் பாகங்களுக்கும் சேர்த்துப் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.

கப்பைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அடித்தட்டு தரையைத் தொடாமல் சில மி.மீ. உள்ளே ஏறி இருக்கும். ரீலில் இருந்து வட்டமாக வெட்டிய தட்டின் ஓரத்தைக் கீழே மடக்கி, பக்கச்சுவரின் அடி ஓரத்தை அதன்மேல் உட்பக்கமாக மடித்து, சூடான காற்றில் பூச்சை இளக்கி, நர்லிங் சக்கரத்தால் (ஓரத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய உருளை) அழுத்துகிறார்கள். உள்ளே தள்ளி நிற்கும் அந்த ஆழத்துக்கு அடிக்குழிவு என்று பெயர் வைக்கலாம். ஒரு கப்புக்குள் இன்னொன்றைப் போட்டால், மேல் கப்பின் அடி விளிம்பு கீழ் கப்பின் அடித்தட்டில் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றால் அடுக்கில் கப்புக்குக் கப் கூடும் உயரமும் அடிக்குழிவும் ஏறக்குறைய சமம்.

நிற்காமல் போனால் சுவரோடு சுவர் இறுகும். சுவரின் சாய்வு ஒரு பக்கத்துக்கு 5 பாகை, தாளின் தடிமன் 0.3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5 பாகைக்கு டேன்ஜென்ட் 0.0875. தடிமனை இதால் வகுத்தால் 3.4 மி.மீ. வருகிறது. ஆனால் சுவர் ஒட்டும் இடத்தில் தாள் இரட்டையாக இருக்கிறது. இரண்டு கப்பின் ஒட்டும் ஒரே பக்கம் அமைந்தால் இது ஒன்றரை மடங்காகி 5 மி.மீ.யைத் தாண்டும். அடிக்குழிவு 7 மி.மீ. இருந்தால் கவலையில்லை, தட்டில் நின்றுவிடும். அச்சு தேய்ந்து குழிவு 5க்கு வந்துவிட்டால், தட்டைத் தொடுவதற்கு முன்பே சுவர் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு சிறிய சாய்வில் பிடித்தது தானாக விடாது. உராய்வு எண் 0.3 என்று எடுத்தாலே, தானாக வழுக்கி வர 16 பாகைக்கு மேல் சாய்வு வேண்டும். எந்தக் கப்பிலும் அவ்வளவு சாய்வு கிடையாது.

ஆக, வேண்டிய சொற்கள்: அடுக்கில் ஒரு கப் கூட்டும் உயரம் – அடுக்கேற்றம். சுவர் பிடித்துக்கொள்வது – செருகிறுக்கம். தாளை 210 ஜி.எஸ்.எம்.மில் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்து 280க்கு மாற்றிவிட்டுப் பழைய அச்சிலேயே ஓட்டினால் வரும் புகார் இந்த இரண்டாவதுதான். கப் கெட்டியாகி இருக்கும், பிரியாது.

– க., சிவகாசி

—

> அடுக்கேற்றம்

இதில் ‘ஏற்றம்’ எனக்கு உறுத்துகிறது. கிணற்று ஏற்றம், விலை ஏற்றம் என்று வேறு பக்கம் இழுக்கிறது. ‘அடுக்கிடை’ என்றால் இரண்டு விளிம்புக்கு நடுவில் உள்ள தூரம் என்று நேராகப் புரியுமே?

– ம.

—

ம. அவர்களே, அடுக்கிடை வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது, அதைச் செலவழித்துவிடாதீர்கள். காபி தரும் விற்பனை மெஷின் (வெண்டிங் மெஷின்) தரப்பில் இருந்து சொல்கிறேன்.

மெஷினுக்குள் கப் அடுக்கைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் நிற்கும். சில மாடலில் மூன்று, சிலவற்றில் நான்கு அல்லது ஆறு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் திருகாணியின் மரைபோலச் சாய்ந்து சுற்றும் ஒரு விளிம்பு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பல்வளையம் சுற்றுகிறது. மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றும்போது அந்தச் சாய்ந்த விளிம்பு அடிக் கப்பின் சுருண்ட வாய்க்கும் அடுத்த கப்பின் வாய்க்கும் நடுவில் நுழைந்து, அடிக் கப்பைக் கீழே தள்ளும். அதே நேரத்தில் சக்கரத்தின் மேல்தட்டு அடுத்த கப்பைத் தாங்கிக்கொள்ளும். நுழைய எவ்வளவு இடம் இருக்கிறது? அடுக்கேற்றம் 7, வாய்ச் சுருட்டின் உயரம் 3 என்றால் மிச்சம் 4 மி.மீ. இந்த 4 மி.மீ.தான் அடுக்கிடை. சக்கர விளிம்பு இதைவிட மெலிசாக இருந்தே தீர வேண்டும். ஏற்றமும் இடையும் வேறு வேறு அளவு, படத்தில் இரண்டையும் குறிக்க வேண்டும்.

ஏற்றம் என்ற சொல் கணக்குக்கும் உதவும். 92 மி.மீ. உயரக் கப், ஏற்றம் 7 என்றால் 50 கப் அடுக்கின் நீளம் 92 + 49 × 7, அதாவது 435 மி.மீ. 600 மி.மீ. குழாயில் 73 கப் பிடிக்கும். கப் கம்பெனியை மாற்றினால் முதலில் கேட்க வேண்டிய அளவு இது. வாயின் விட்டம் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கிப் போட்டுவிட்டு, ஏற்றம் 5 என்றால் அடுக்கிடை 2 மி.மீ.யாகச் சுருங்கும். சக்கர விளிம்பு இடைவெளிக்குள் நுழையாமல் கப்பின் வாயையே கடிக்கும். ஒன்றும் விழாது, அல்லது வாய் நசுங்கிய கப் சாய்ந்து விழுந்து காபி தட்டில் ஊற்றும்.

அந்தச் சக்கரத்துக்கு புரிச்சக்கரம் என்று முன்மொழிகிறேன். வலம்புரி, இடம்புரி என்று பாகப் பட்டியலிலேயே எழுதிவிடலாம். திசை மாறிய சக்கரத்தைப் பூட்டினால் கப் கீழே வராது, மேலே தள்ளும்.

– இரா., கோவை

—

புரிச்சக்கரம் அருமை. விளிம்புச் சுருட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலில் ‘விளிம்பு’ என்றே இருந்தால் அடி விளிம்பும் வாய் விளிம்பும் குழம்பும். பானைக்கும் செம்புக்கும் வாய் என்றுதானே சொல்கிறோம்? வாய்ச்சுருள் என்று வைக்கலாம். ‘சுருட்டு’ வேண்டாம், அதற்கு வேறு கடை இருக்கிறது.

வாய்ச்சுருள் கெட்டால் ஒற்றைப்பிரிப்பும் கெடும். சுருட்டுவதற்கு முன் வாய் ஓரத்தில் சிலிக்கான் எண்ணெய் மெலிதாகத் தடவுவார்கள். அது நின்றுபோனால் சுருள் வெடித்து, ஒட்டும் இடத்தில் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு புரிச்சக்கரத்தில் மாட்டும். தாள் மிக உலர்ந்திருந்தாலும் வெடிக்கும். நனைந்த தாளில் சுருள் முதலில் நன்றாக விழுந்து, பிறகு மெல்ல விரியும்.

– க.

—

> நனைந்த தாளில்

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். காபி மெஷினில் கலக்கும் கிண்ணத்தில் இருந்து ஆவி எழும். உறிஞ்சும் விசிறி அடைத்துக்கொண்டால் ஆவி கப் குழாய்க்குள் ஏறும். காலையில் நன்றாக விழுந்த கப் மாலையில் இரண்டிரண்டாக விழுந்தால், பலர் மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பார்கள். முதலில் விசிறியின் வலையைப் பார்க்க வேண்டும். வாய்ச்சுருள் தளர்ந்த கப்பை மேல்தட்டு தாங்காது, அடுத்ததும் கூடவே வழுக்கிவிடும். இதற்கு இரட்டைவிழல் என்று வைத்தால் பழுதுப் பதிவேட்டில் எழுதச் சுலபம்.

– இரா.

—

வணக்கம்.

பெட்டியின் பெயருக்குத் திரும்புவோம். ‘விடுப்பான்’ என்று ஒரு யோசனை தனி மடலில் வந்தது. விடுப்பு என்றதும் லீவு ஞாபகம் வருகிறது. ‘உதிர்ப்பி’ கப்புக்குப் பொருந்தும், டிஷ்யூ உதிர்வதில்லை.

– செ.

—

டிஷ்யூவில் பெட்டி ஒன்றுமே செய்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை முழுக்க மடிப்பில் இருக்கிறது. ஒரு தாளின் பாதி அடுத்த தாளின் மடிப்புக்குள் செருகி இருக்கும். மேல் தாளை இழுத்தால் அடுத்ததன் நுனி வெளியே வந்து நிற்கும். இதை கோர்வை மடிப்பு என்போம். கை துடைக்கும் தாளில் இசட் வடிவ மடிப்பு இப்படிக் கோக்கப்படுவது. சி வடிவ மடிப்பில் கோர்வை கிடையாது, ஒவ்வொன்றும் தனி. சி மடிப்புத் தாளைக் கோர்வைப் பெட்டியில் போட்டால் முதல் தாளோடு நின்றுவிடும், அல்லது கைக்கு ஒரு கொத்தாக வரும். பெட்டியின் வாய் அகலமாக இருந்தாலும் கொத்தாகத்தான் வரும். குறுகி இருந்தால் ஈரக்கையில் தாள் கிழியும். பெட்டியை வாங்கும் முன் எந்த மடிப்பு என்று கேட்கும் வழக்கம் இங்கே குறைவு.

ஆகவே பொதுப் பெயர் இயக்கத்தைச் சொல்லாமல், தருவதை மட்டும் சொன்னால் போதும். வினைத்தொகையாக ஆக்கலாம்: தருபெட்டி, தருகுழல், தருபொறி. மின்சாரமோ மோட்டாரோ உள்ளது பொறி. தண்ணீர்க் கேன் பக்கத்தில் சுவரில் மாட்டி, அடியில் பிடித்து இழுக்கும் கப் குழாய் தருகுழல். டிஷ்யூவுக்குத் தருபெட்டி. ஒற்றைப்பிரிப்பு எப்படி நடக்கிறது என்பதைத் தனிச்சொல் சொல்லட்டும்.

– ம.

—

தருகுழல் பிடித்திருக்கிறது. அதன் வாயில் இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் நாக்குகளுக்கும் பெயர் கொடுத்துவிடுங்கள். பிடிநாக்கு போதும். வாய்ச்சுருளின் அடியில் பிடித்து, இழுத்தால் வளைந்து ஒன்றை விடும். கடினமான ரப்பரில் கப்பின் அடி கையோடு நசுங்கும், மென்மையானதில் அடுக்கு முழுதும் இறங்கிவிடும். விட்டத்துக்குத் தக்கபடி திருகித் தள்ளும் வகை கிடைக்கிறது, கப் மாறும் இடத்தில் அதுதான் உகந்தது.

இன்னொன்று. கப் முதலில் வந்து பெட்டி பிறகு வந்தது என்று கையேட்டில் எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவில் லாரன்ஸ் லூயெல்லன் 1908 வாக்கில் கொண்டுவந்தது குளிர்ந்த நீரையும் காகிதக் கப்பையும் சேர்த்து ஒரு சென்ட்டுக்குத் தரும் பொறியைத்தான். விற்றது தண்ணீர், கப் அதனோடு வந்தது. 1909ல் கான்சஸ் மாநிலம் பொது இடங்களில் எல்லாரும் ஒரே குவளையில் குடிப்பதைத் தடை செய்த பிறகு கப்புக்குத் தனி மதிப்பு வந்தது. ‘ஹெல்த் கப்’ என்ற பெயர் 1919ல் ‘டிக்ஸி’ ஆனது. கப்பும் தருபொறியும் சேர்ந்தே பிறந்தவை. ஒன்றின் அளவை மாற்றினால் மற்றது நின்றுபோவது இன்றும் தொடர்கிறது.

– இரா.

—

பூச்சு பற்றி: வெறும் பூச்சு என்றால் போதாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்குத் தடை இருக்கிறது. ஆகவே நெகிழிப்பூச்சு, நீர்வழிப்பூச்சு (நீரில் கலந்து பூசுவது) என்று பிரித்தே எழுதுங்கள். நெகிழிப்பூச்சு சூட்டில் இளகித் தானே பசையாகும். நீர்வழிப்பூச்சில் அந்த இளக்கம் எல்லா வகையிலும் ஒன்றாக இராது, ஒட்டும் சூட்டையும் வேகத்தையும் புதிதாகப் பிடிக்க வேண்டும். பழைய அளவிலேயே ஓட்டினால் அடி ஒழுகும்.

– க.

—

நன்றி. தருகுழலின் மேல் ஒட்டும் குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“வாய் மேல்நோக்கி இருக்கும்படி அடுக்கை இடவும். உறையைக் கடைசியில் உருவவும். இடுவதற்கு முன் அடுக்கைக் கையில் உருட்டித் தளர்த்தவும். அடுக்கேற்றம் 7 மி.மீ.”

– செ.

—

‘அமுக்க வேண்டாம்’ என்பதைச் சேருங்கள். இடம் மிச்சமில்லாமல் இன்னும் பத்து கப்பைத் திணித்து மூடியை அழுத்துவதில்தான் செருகிறுக்கம் பாதி வருகிறது. அட்டைப்பெட்டியிலும் அடுக்கை நிற்க வைக்காமல் படுக்க வைக்கச் சொல்லி ஒரு வரி போடுங்கள், நிற்க வைத்தால் மேல் பாரம் அங்கேயே கப்பை இறுக்கிவிடும்.

– க.