முறைப்பாட்டுப் பெட்டியின் திறப்பு யாரிடம்?

கிளிநொச்சியில் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன், பதினைந்து வயது. தோட்டக் கிணற்று மோட்டர் களவு போன வழக்கில் பிடிபட்டு, நீதிமன்ற உத்தரவில் வேறு மாவட்டத்து சிறுவர் தடுப்பு இல்லம் ஒன்றில் இருந்தான். களவு எடுத்தானா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். நான் சொல்ல வந்தது உள்ளே நடந்ததை.

தகப்பன் 2009இல் காணாமல் போனவர். தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பதால் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஒருநாள் பெடியன் இடது காதைப் பொத்தியபடியே கதைத்தான். என்னவென்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற அலுவலர் தள்ளிப் போன பிறகுதான், "அடிச்சவங்கள் அன்ரி, காது இரையுது" என்றான்.

பொறுப்பாளரிடம் போனோம். "முறைப்பாட்டுப் பெட்டி இருக்குத்தானே, எழுதிப் போடலாமே" என்றார். பெட்டி இருந்தது, அவருடைய மேசைக்கு நேர் மேலே சுவரில். திறப்பும் அவருடைய கோர்வையில்தான். எந்தப் பிள்ளை அதற்குள் கடுதாசி போடும்?

அன்று பின்னேரமே 1929க்கு அழைத்தோம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. பிறகு வவுனியாவில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு தாயின் பெயரில் முறைப்பாடு அனுப்பினோம். நீதிமன்ற உத்தரவில் வைத்திருக்கும் இடங்களையும் போய்ப் பார்க்க 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது.

அதோடு நிற்காமல் 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழும் ஒரு விண்ணப்பம் போட்டோம். பெட்டியை யார் திறக்கிறார், முறைப்பாட்டுப் பதிவேடு இருக்கிறதா, கடந்த ஆண்டு எத்தனை முறைப்பாடு பதிவானது, பிள்ளைகளுக்குத் தண்டனை கொடுக்க என்ன விதி. இவ்வளவுதான். பெடியனின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. உள்ளே இருப்பவன் அவன். கோபம் அவன் மேல்தான் திரும்பும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் எழுதி எடுக்க உதவ வேண்டும். கிடைத்ததற்கான எழுத்து அத்தாட்சியைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

"சிறுவர்களின் தனிப்பட்ட விடயம், தர இயலாது" என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தனிமனிதரின் அந்தரங்கத்தைக் காப்பது சரி. பெட்டியின் திறப்பு யாருடைய அந்தரங்கம்? சொந்தத் தகவலையே கூட, சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் கொடுக்கலாம் என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. பிள்ளைகளைக் காக்க வந்த பிரிவை அடித்தவர்களைக் காக்கப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுப்பு வந்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்ய வேண்டும். அங்கும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழு.

மேன்முறையீட்டுக்கு வந்த பதிலில் ஒரு வரி: "முறைப்பாட்டுப் பதிவேடு பேணப்படவில்லை." எங்களுக்கு அது போதும். தடுத்து வைக்கப்பட்ட பிள்ளை தணிக்கை இல்லாமல் மேலிடத்துக்கு முறையிட வழி இருக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் 1990ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதையும் குறிப்பிட்டு, பதிலின் பிரதியை வவுனியாவுக்கு அனுப்பினோம். அங்கிருந்து வந்தவர்கள் பெடியனைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார்கள், அலுவலர் யாரும் பக்கத்தில் இல்லாமல்.

இப்போது பெட்டி சாப்பாட்டு மண்டபத்துக்கு வெளியே தொங்குகிறது. திறப்பு நன்னடத்தை அலுவலரிடம். அடித்தவர் மீதான விசாரணை மட்டும் இன்னும் இழுபடுகிறது.

பிள்ளை உள்ளே இருக்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை வழக்கை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதனால் தகவல் விண்ணப்பத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திராமல், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கான முறைப்பாட்டை முதலில் பதிவுத் தபாலில் போடுங்கள்.