சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு மாதம் 800 வெள்ளி: எந்த வழியில் அனுப்பினால் கையில் அதிகம் சேரும்?

அறந்தாங்கி_வாசல் கேட்டது:

வணக்கம். வொர்க் பர்மிட்டில் இருப்பவர் மாதாமாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஊருக்கு அனுப்ப வேண்டும். மனைவிக்கு 500, ஸ்டேட் பேங்க் கணக்கு. அம்மாவுக்கு 300, நூறு நாள் வேலைக் கூலிக்காக முகாமில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு. அம்மாவிடம் பட்டன் போன்தான்.

தேக்காவில் (லிட்டில் இந்தியா) பணம் அனுப்பும் கடைகளில் கடைக்குக் கடை ரேட் வேறு. ஒரு கடையில் ரேட் நன்றாக இருக்கிறது, கட்டணம் 5 வெள்ளி. வங்கி ஆப்பில் கட்டணமே இல்லை, ரேட் குறைவு. எதை வைத்து முடிவு செய்வது? பணம் வழியில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

ரேட்டையும் கட்டணத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். கேட்க வேண்டியது ஒன்றே: "இந்த 800 வெள்ளியை இப்போது கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் ஏறும்?" கட்டணமும் அந்த 800-க்குள் அடங்க வேண்டும்.

கணக்குக்காகச் சந்தை ரேட் 68.00 என்று வைத்துக்கொள்வோம். எதுவும் கழியாமல் போனால் 54,400 ரூபாய்.

கடை: ரேட் 67.60, கட்டணம் 5. (800 − 5) × 67.60 = 53,742.
வங்கி ஆப்: கட்டணம் இல்லை, ரேட் 67.10. 800 × 67.10 = 53,680.
சந்தை ரேட்டையே கொடுத்துக் கட்டணத்தை வெளிப்படையாக எடுக்கும் ஆப் (வைஸ் போன்றவை): கட்டணம் 6 என்றால் 794 × 68 = 53,992.

"கட்டணமில்லை" என்ற வழியில் 720 ரூபாய் ரேட்டுக்குள்ளேயே போய்விட்டது. இது மோசடி அல்ல, அவர்கள் வருமானம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ரசீதில் அப்படி ஒரு வரி இருக்காது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று உண்டு. நீங்கள் இரண்டு பேருக்கு அனுப்புகிறீர்கள். கடையில் 5 வெள்ளி இரண்டு முறை போகும்: 790 × 67.60 = 53,404. ஒரே ஆளுக்கு அனுப்பினால் முந்தும் கடை, இரண்டு பேர் என்றதும் வங்கி ஆப்பைவிட 276 ரூபாய் பின்தங்கிவிடுகிறது. மூன்றாவது வழியில் இரண்டு தடவைக்கும் சேர்த்து 7 வெள்ளி ஆகிறது என்றால் 53,924. இவை எடுத்துக்காட்டு எண்கள். அனுப்பும் நாளில் மூன்று இடத்தின் எண்ணையும் ஒரே அரைமணி நேரத்துக்குள் எடுத்து இதே கணக்கைப் போடுங்கள். காலை ரேட்டை மாலை ரேட்டோடு ஒப்பிட்டால் பயனில்லை.

சனி, ஞாயிறு நாணயச் சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை ரேட் எப்படித் திறக்குமோ என்று பல இடங்களில் வார இறுதியில் கொஞ்சம் குறைத்தே போடுவார்கள். லீவு ஞாயிறுதான் என்றாலும், ஆப்பில் அனுப்புவதானால் வார நாளில் அனுப்புங்கள். சில கடைகளில் போர்டில் எரியும் ரேட் பெரிய தொகைக்கு மட்டும். 300 வெள்ளிக்கும் அதே ரேட்டா என்று கேட்டுவிட்டுப் பணத்தை நீட்டுங்கள்.

சிராங்கூன்_சாலை:

மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை: மாதச் செலவுப் பணத்தை வங்கியின் டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், டிமாண்ட் டிராஃப்ட் அல்ல), அதாவது வங்கிக்கு வங்கி போகும் ஸ்விஃப்ட் வழியில் வெள்ளியாகவே அனுப்பாதீர்கள். இங்கே கமிஷனும் கேபிள் கட்டணமும், நடுவில் இருக்கும் வங்கி தன் பங்குக்கு ஒரு கழிவு, ஊர் வங்கி தன் ரேட்டில் ரூபாயாக மாற்றுவது, அந்த மாற்றத்துக்கு ஜிஎஸ்டி என்று நாலு இடத்தில் கழியும். அந்த ஜிஎஸ்டி 25,000 ரூபாய் வரை 45 ரூபாய், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் இங்கேயே ரூபாயாக மாற்றி அனுப்பும் வழிகளில் ஊர் வங்கி மாற்றுவதற்கு எதுவும் இல்லை, அதனால் அதுவும் இல்லை.

மனைவிக்கு பேநவ்–யுபிஐ இணைப்பைப் பாருங்கள், அதாவது சிங்கப்பூரின் பேநவ்விலிருந்து இந்தியாவின் யுபிஐக்கு நேராகப் பணம் போகும் வழி. 2023 பிப்ரவரி 21-இல் தொடங்கியது. சிங்கப்பூர் பக்கம் டிபிஎஸ், லிக்விட் குழுமம். இந்தியப் பக்கம் முதலிலேயே ஸ்டேட் பேங்க், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஐசிஐ, ஆக்சிஸ் எல்லாம் உண்டு. 2025-இல் கனரா, கரூர் வைஸ்யா, எச்டிஎஃப்சி உள்ளிட்டவை சேர்ந்து 19 வங்கிகள் ஆயின. ஒரு நாளுக்கு 1,000 வெள்ளி வரை. அவர் யுபிஐ ஐடியைப் போட்டதும் திரையில் பெயர் வரும். அந்தப் பெயரைப் படித்துப் பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள். நிமிடத்தில் ஏறிவிடும். கடைசித் திரையில் காட்டும் ரூபாய்த் தொகையைக் கணக்குப்பிள்ளை சொன்னபடி ஒப்பிடுங்கள், வேகம் வேறு, விலை வேறு. ஐடி ஏற்கப்படவில்லை என்றால் பெரும்பாலும் அது இந்த 19-இல் இல்லாத வங்கியோடு இணைந்திருக்கும், அல்லது வெளிநாட்டு வரவுக்கு அவர் தன் ஆப்பில் சம்மதம் கொடுத்திருக்க மாட்டார்.

காசாளர்:

நான் சொல்ல வருவது பணம் சிக்கும் இடங்களைப் பற்றி. முதலில் அம்மாவின் கணக்கு, ஏனென்றால் அதுதான் ஆபத்து.

முகாமில் திறக்கும் கணக்குகளில் சில "ஸ்மால் அக்கவுண்ட்" வகை. முழு ஆவணம் இல்லாமல் போட்டோவும் கையெழுத்தும் அல்லது கைநாட்டும் வைத்துத் திறந்தவை. அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, வருடத்துக்கு மொத்த வரவு ஒரு லட்சம், மாதம் எடுக்கக்கூடியது 10,000. முக்கியமானது, முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) முடியும்வரை வெளிநாட்டுப் பணத்தை அதில் வரவு வைக்க அனுமதி இல்லை. நீங்கள் அனுப்பும் 300 வெள்ளி ஏறக்குறைய 20,000 ரூபாய். ஐந்து மாதத்தில் லட்சத்தைத் தொட்டுவிடும். எல்லா ஜீரோ பேலன்ஸ் கணக்கும் இப்படி அல்ல. ஆதார் கொடுத்து முழு கேஒய்சி முடித்ததாக இருந்தால் கவலையில்லை. கிளையில் நேரில் கேட்டால்தான் தெரியும்.

அடுத்தது ஐஎஃப்எஸ்சி, அதாவது வங்கிக் கிளையின் குறியீடு. 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில 'ஓ' எழுத்தாக அடித்துவிடுவது தினமும் நடக்கும் தவறு. வங்கி இணைப்புக்குப் பிறகு பழைய பாஸ்புக்கில் இருக்கும் குறியீடு செல்லாது: லட்சுமி விலாஸ் 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவோடு போனது, அலகாபாத் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு, சிண்டிகேட் கனராவோடு. பழைய பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் இந்தத் தவறும் கூடவே வரும்.

கணக்கு எண்ணில் ஸ்டேட் பேங்க் 11 இலக்கம். பாஸ்புக்கில் முன்னால் பூஜ்யங்கள் சேர்த்து 17 இலக்கமாக அச்சாகியிருக்கும். அந்தப் பூஜ்யங்களை விட்டுவிட்டு 11-ஐ மட்டும் போடுங்கள். ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) 15 இலக்கம்.

இதைக் கவனமாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவுக்குள் வங்கிக்கு வங்கி பணம் போகும் நெஃப்ட், ஐஎம்பிஎஸ் வழியில் வரவு கணக்கு எண்ணை வைத்தே நடக்கிறது. ஓர் இலக்கம் மாறி அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்தால், பெயர் பொருந்தாவிட்டாலும் பணம் அங்கே ஏறிவிடலாம். அவர் சம்மதித்தால்தான் திரும்பும். எண் எங்குமே இல்லாததாக இருந்தால் பணம் திரும்பி வரும், ஆனால் ரூபாயிலிருந்து வெள்ளியாக மறுபடி மாறும்போது சேதாரம் உங்களுக்கு. அதனால் புதுக் கணக்குக்கு முதல்முறை கட்டணமில்லாத வழியில் 10 வெள்ளி அனுப்பி, பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்த பிறகு மிச்சத்தை அனுப்புங்கள்.

"அனுப்பியாச்சு" என்று காட்டி ஊரில் ஏறவில்லை என்றால், அனுப்பிய இடத்தில் யுடிஆர் அல்லது ஆர்ஆர்என் எண்ணை (இந்திய வங்கிகள் அந்தப் பரிமாற்றத்தைத் தேடும் எண்) கேட்டு வாங்குங்கள். இங்கே தரும் ரசீது எண்ணை வைத்து ஊர்க் கிளையில் எதையும் தேட முடியாது.

அறந்தாங்கி_வாசல்:

மிகவும் நன்றி. அம்மாவின் கணக்கு சரியாகும்வரை வேறு வழி உண்டா? டார்மிட்டரியில் ஒருவர் உண்டியலில் (வங்கியோ கடையோ இல்லாமல் ஆள் மூலம் பணம் மாற்றுவது) போடலாம் என்கிறார். சந்தை ரேட்டைவிட 50 காசு கூட, அம்மா கணக்கிலேயே அன்றே ஏறும் என்கிறார்.

சிராங்கூன்_சாலை:

தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். சந்தை ரேட்டைவிட அதிகம் கொடுக்கிறார் என்றால் அந்த ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். உங்கள் வெள்ளி இங்கேயே நின்றுவிடும். அம்மா கணக்கில் ஊர்பேர் தெரியாத யாரோ ஒருவர் கணக்கிலிருந்து ரூபாய் விழும். அந்தக் கணக்கு இணைய மோசடியில் பணம் சேர்த்த கணக்காக இருந்தால், ஏமாந்தவர் இந்தியாவின் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்ததும் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அம்மா கணக்கு முடங்கும், உங்கள் பணம் மட்டுமல்ல, அதில் இருக்கும் கூலிப் பணமும் சேர்ந்து. வேறு மாநில போலீஸுக்கு அவர் பதில் எழுத வேண்டியிருக்கும். உங்கள் கையிலோ ரசீது இருக்காது.

சிங்கப்பூரிலும் உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் நடத்துபவருக்கு 1,25,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. இந்தியாவில் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறியதாகும். எந்தக் கடையானாலும் பெயரை மாஸ் (சிங்கப்பூர் நாணய வாரியம்) தளத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் தேடிப் பார்த்து, எல்லை தாண்டிப் பணம் அனுப்பும் சேவை அதன் உரிமத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காசாளர்:

இப்போதைக்கு இரண்டு வழி. ஒன்று, அம்மாவின் 300-ஐயும் சேர்த்து 800-ஆக மனைவி கணக்குக்கே அனுப்பி, அவர் எடுத்துக் கொடுப்பது. கட்டணமும் ஒருமுறைதான். வரியைப் பற்றிப் பயப்பட வேண்டாம், மனைவிக்கும் தாய்க்கும் அனுப்பும் பணம் அவர்களுக்கு வருமானம் ஆகாது. ஆனால் அறை நண்பரின் பணத்தையும் அதே கணக்கில் வரவழைக்காதீர்கள். அவர் உறவு இல்லை, ஆண்டுக்கு 50,000 தாண்டினால் கேள்வி வரும்.

இன்னொன்று, வெஸ்டர்ன் யூனியன் போன்ற வழியில் ரொக்கம். அம்மா அசல் ஆதாரும் ரகசிய எண்ணும் கொண்டுபோனால் போதும். ஒரு முறைக்கு ரொக்கமாக 50,000 ரூபாய் வரை, ஒரு ஆளுக்கு ஒரு காலண்டர் ஆண்டில் 30 முறை. ரேட் பெரும்பாலும் கணக்கு வரவைவிடக் குறைவு, அதனால் அவசரத்துக்கு மட்டும்.

கணக்கைச் சரிசெய்ய அம்மாவே கிளைக்குப் போக வேண்டும். ஆதார், இரண்டு போட்டோ, பான் அட்டை. பான் இல்லையென்றால் அதற்குப் பதிலான உறுதிமொழிப் படிவத்தைக் கிளையிலேயே தருவார்கள். "கேஒய்சி முழுசா முடிச்சு, ஸ்மால் அக்கவுண்ட்டை சாதாரண கணக்கா மாத்திக் கொடுங்க" என்று கேட்கச் சொல்லுங்கள். கூடவே வேலை செய்யும் கைபேசி எண்ணையும் இணைத்துவிட்டால், பட்டன் போனிலேயே வரவு எஸ்எம்எஸ் வரும்.