பதில்: சுகாதார நிலையத்துக்கு வென்டிலேட்டர் - அதற்கு முன்னால் சில விஷயங்கள்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சங்கம் சார்பில் வென்டிலேட்டர் வாங்கலாம் என்று வந்த மடலுக்கான பதில் இது. நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் ராத்திரி பகல் அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாத இடத்தில் அது உறை போட்டு மூலையில்தான் நிற்கும். மூச்சு நின்ற குழந்தைக்கு முதல் பத்து நிமிஷத்தில் வேண்டியது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் என்ற காற்றுப் பை, அதுவும் குழந்தை அளவில்.

பெரியவர்களுக்கான பேக் சுமார் ஒன்றரை லிட்டர். குழந்தைக்கு 500 மில்லி, பச்சைக் குழந்தைக்கு 250 மில்லி போதும். மாஸ்க் 0, 1, 2 என மூன்று நம்பரும் வேண்டும். மூக்குத் தண்டில் தொடங்கித் தாடைக் குழிக்குள் முடிய வேண்டும். தாடையைத் தாண்டினால் காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும். நெஞ்சு லேசாக எழும்பும் அளவுக்கு அமுக்கினால் போதுமுங்க. பதற்றத்தில் வேகமாக அமுக்கினால் வயிறு உப்பி, வாந்தி வந்து, நுரையீரலுக்குள் இறங்கும்.

அடுத்தது தராசு. இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். குழந்தைக்குக் கிட்டத்தட்ட எல்லா மருந்தும் எடைக் கணக்குத்தான். அமெரிக்காவில் பவுண்டையும் கிலோவையும் மாற்றி எழுதினால் மருந்து இரண்டு மடங்கு போய்விடும் என்பதால், அவசரப் பிரிவில் குழந்தை எடையைக் கிலோவில் மட்டும் எழுதச் சொல்கிறார்கள். நம் பக்கம் நடக்கும் தப்பு வேறு: கண்ணால் பார்த்து எடை சொல்வது. தராசில் போட நேரமில்லை என்றால் 1 முதல் 10 வயது வரை, வயதோடு 4 கூட்டி இரண்டால் பெருக்குங்கள். 3 வயதுக்கு 14 கிலோ. மெலிந்த பிள்ளைக்கு இந்தக் கணக்குக் கூடுதலாகக் காட்டும். அதையும் மனசில் வைக்க வேண்டும்.

இந்த 14 கிலோவை வைத்தே அட்ரினலின் என்ற அவசர ஊசி மருந்தைப் பார்க்கலாம். ஒவ்வாமை அதிர்ச்சிக்கு 1:1000 (1 மில்லியில் 1 மில்லிகிராம்) மருந்தை அப்படியே 0.14 மில்லி, தொடைச் சதையில், 1 மில்லி சிரிஞ்சில். இதயம் நின்றால் அதே மருந்தில் 1 மில்லியை 10 மில்லியாகக் கலக்கி, அதில் 1.4 மில்லி, நரம்பில். இரண்டையும் குழப்பினால் பத்து மடங்குத் தப்பு. அவசரத்தில் யாருக்கும் கணக்கு வராது. 3 கிலோவிலிருந்து 30 கிலோ வரை கணக்குப் போட்ட அட்டையை லேமினேட் செய்து சுவரில் ஒட்ட வேண்டும். வலிப்போடு வரும் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரையையும் உடனே பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் நீர்), கிலோவுக்கு 2 முதல் 5 மில்லி. கையில் 25 சதவீதம்தான் இருக்கிறதென்றால் அதில் 2 பங்கு, ஊசி மருந்து கலக்கும் தண்ணீர் 3 பங்கு.

மற்றபடி அவசரப் பெட்டியில் நரம்பில் மருந்து ஏற்றும் 24 (மஞ்சள்), 26 (ஊதா) நம்பர் கேனுலா, நரம்பு கிடைக்காவிட்டால் கெண்டைக்கால் எலும்பில் போடும் ஊசி, பாதத்தில் சுற்றும் ஆக்சிஜன் அளவி, சளி உறிஞ்ச 6, 8, 10 நம்பர் சக்ஷன் குழாய், இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர். பெரியவர்களின் விரல் கிளிப்பைக் கைக்குழந்தைக்கு மாட்டினால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

மருந்து நாம் வாங்க வேண்டாமுங்க. அது அரசின் மருந்துக் கொள்முதல் கழகமான டி.என்.எம்.எஸ்.சி. வழியாக வரும்; நாம் அனுப்புவது காலாவதியாகிக் கிடக்கும்.

வாங்கிக் கொடுத்த பெட்டி ஏன் உதவாமல் போகிறது? பூட்டியிருக்கும், சாவி ஸ்டோரில். கழுவி வைத்த பேக்கில் வால்வு இருக்காது. தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பேட்டரி கசிந்திருக்கும். அதனால் பூட்டுக்குப் பதில் நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீல் போடலாம். சீல் அறுந்திருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று உடனே தெரியும். ஒரே ஒரு செவிலியர் பேரில் பொறுப்பு இருக்கட்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். மாசம் ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல், பயிற்சிப் பொம்மையை மேஜையில் வைத்து ஒத்திகை. முதல் மூச்சு ஒரு நிமிஷத்துக்குள் போகிறதா என்று கடிகாரம் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் குழந்தை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) நடப்பதற்கு ஊர்க்காரர்களையும் பழக்க வேண்டும். கிணற்றிலோ வாய்க்காலிலோ விழுந்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. மூச்சில்லை என்றால் முதலில் ஐந்து மூச்சு ஊத வேண்டும். அசைவே இல்லையென்றால் நெஞ்சில் 30 அமுக்கு, 2 மூச்சு, நிறுத்தாமல்; ஒருத்தர் இதைச் செய்ய இன்னொருத்தர் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

கடலைக்காய் தொண்டையில் சிக்கினால், குழந்தை இருமிக்கொண்டிருக்கும் வரை இருமட்டும். சத்தமே வராவிட்டால், ஒரு வயசுக்குள் இருக்கும் குழந்தையைக் குப்புறத் தலை தாழ்த்திப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, மல்லாத்தி நெஞ்சில் ஐந்து அமுக்கு. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருக்கும்போது கடிக்கும். தடமும் வலியும் பெரிதாக இருக்காது. விடியக்காலம் வயிற்று வலி, இமை தொங்கல் என்றால் பாம்பை நினைக்க வேண்டும். விஷமுறிவு மருந்து மட்டும் எடைக் கணக்கில் வராது. பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைப்பதில்லை, அதனால் பெரியவருக்கான அளவேதான்.

வாசல் தெளிக்கச் சாணிக்குப் பதிலாகக் கரைக்கும் சாயப் பொடியான சாணிப்பவுடர் நம் கொங்கு வீடுகளுக்கே உரிய தொல்லை. முறிவு மருந்து கிடையாது. குடித்த பிள்ளைக்கு உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல் நேராகக் கூட்டிப் போக வேண்டும், பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு.

பெருந்துறையிலோ கோவையிலோ உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது சுகாதார நிலையத்திலிருந்து முன்னாலேயே போன் போக வேண்டும்: வயது, எடை, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம். ஆர்டர் போடும் முன்னால் செயலாளர் அண்ணார் மருத்துவ அலுவலரிடம் பேசி, ஏற்கெனவே அங்கே இருப்பதை எழுதி வாங்கி இந்தக் குழுவுக்கு அனுப்பினால், மீதியை மட்டும் வாங்கலாமுங்க.