வால்வ் ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் எஞ்சின் 9000 ஆர்பிஎம் தாங்குமா?

கேள்வி: சிலிண்டருக்கு 4 வால்வ், இரட்டை கேம், எல்லாம் ஸ்டாக் (கம்பெனியில் வந்தபடி). 7500-ஐத் தாண்டினால் இழுவை சட்டென்று விழுகிறது, ஹெட்டில் தடதடப்பு. கடின ஸ்பிரிங் போதுமா?

பதில் 1: வால்வ் ஃப்ளோட் மாதிரிதான், அதாவது அதிவேகத்தில் வால்வ் கேமோடு ஒட்டாமல் விலகுகிறது. முதலில் இக்னிஷன் கட் (ஸ்பார்க் நிற்பது), பெட்ரோல் பற்றாக்குறை இரண்டும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். 7500-இலிருந்து 9000 என்றால் வேகம் 1.2 மடங்கு, வால்வைக் கேமோடு ஒட்டி வைக்கத் தேவையான விசையோ வேகத்தின் வர்க்கமாக 1.44 மடங்கு. அத்தனையையும் ஸ்பிரிங்கிலேயே ஏற்றினால் கேம் லோப் (வால்வைத் தள்ளும் மேடு) தேயும். டைட்டானியம் ரீட்டெய்னர் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடிக்கும் மூடி) போட்டு எடையையும் குறையுங்கள்.

பதில் 2: மாட்டிய நிலையில் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் உயரத்தையும் அளந்து ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். முழு லிஃப்டில் (வால்வ் முழுதாகத் திறக்கும்போது) சுருள்கள் முட்ட இன்னும் 1.5 மி.மீ. இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் உடைந்து வால்வ் பிஸ்டன்மேல் விழும். ரீட்டெய்னர் வால்வ் சீலில் இடிக்கிறதா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை! கேமும் மாற்றினால் பிஸ்டன்மேல் களிமண் வைத்து, கிராங்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றி, களிமண் நசுங்கிய இடத்தின் தடிமனைப் பாருங்கள்: வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இன்டேக் 2, எக்ஸாஸ்ட் 2.5 மி.மீ. இடைவெளி வேண்டும்.

பதில் 3: ஸ்டாக் கேமோடு 9000 எதற்கு? ஸ்பிரிங் ஃப்ளோட்டைத் தடுக்கும், பவர் உச்சத்தை மேலே தள்ளாது. கனெக்டிங் ராட் போல்ட்டுக்கும் அதே 1.44 கணக்குதான்.